தங்கச்சிமடத்து மொட்டைமாடிக்கு எந்த போர்டு?

ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பாலிடெக்னிக் இரண்டாம் வருடம் படிக்கிறார், அப்பாவுக்கு நாட்டுப்படகு. மாடித் தொட்டி நிறைந்ததும் மோட்டார் தானாக நிற்க வேண்டும். மாடியில் காற்று, மழை, வெயில் அளக்கும் சின்ன வானிலைப் பெட்டி ஒன்று வேண்டும். அதை அம்மா அடுப்படியிலிருந்தே தமிழில் பார்க்க வேண்டும். முடிந்தால் அப்பா படகில் வைக்க ஒரு ஜிபிஎஸ். கையில் ஐயாயிரம் ரூபாய் இருக்கிறதாம். "ராஸ்பெர்ரி பை 5 கிட் வாங்கவா, ஆர்டுயினோ கிட் வாங்கவா, இல்லை முப்பத்தேழு சென்சார் பெட்டி வாங்கவா அண்ணே?" என்பது கேள்வி.

தம்பி, மூன்றுமே இப்போது வேண்டாம். போர்டை, அதாவது இந்த வேலைகளுக்கு மூளையாக இருக்கும் குட்டிச் சுற்றுப்பலகையை, கடைசியில் பார்ப்போம். உச்சிப்புளியில் இருபது வருடமாக டிவியும் இன்வெர்ட்டரும் பிரித்துக்கொண்டிருக்கிறேன். வேகம் போதாமலோ நினைவகம் போதாமலோ ஒரு போர்டு இங்கே குப்பைக்குப் போய் நான் பார்த்ததில்லை. கெடுப்பது இரண்டே பேர்: உப்பு, கரண்ட். இந்த இரண்டுக்கும் எது தாக்குப்பிடிக்கும் என்று யோசித்தால் பாதித் தேர்வு அங்கேயே முடிந்துவிடும்.

எனக்கு இது பட்டுத் தெரிந்தது. 2017இல் மாடியில் ஒரு ராஸ்பெர்ரி பை 3 வைத்தேன். வீட்டில் கிடந்த பிளாஸ்டிக் டிபன் டப்பா, பக்கத்தில் ஓட்டை போட்டு வயர், ஓட்டையை அடைக்க ஹார்டுவேர் கடை சிலிக்கான் பசை. மழைத்தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே போகவில்லை, அதில் எனக்குப் பெருமை வேறு. கச்சான் என்று நாம் சொல்லும் தென்மேற்குக் காற்று தொடங்கி மூன்றாம் மாதம் போர்டு செத்தது. திறந்து பார்த்தால் யூஎஸ்பி வாய் ஓரமெல்லாம் வெள்ளைப் பொருக்கு, ஜம்பர் வயர் மாட்டிய பின்களில் பச்சைக் களிம்பு.

என்ன நடந்தது என்று பிறகு புரிந்தது. அடுப்படியில் உப்பு ஜாடியைத் திறந்து வைத்தால் நசநசத்துப் போகிறதே, அதேதான். சுத்தமான சோடியம் குளோரைடு காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் ஈரத்தை இழுத்துத் தானே கரைந்துவிடும். கடலுப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அதற்கு அவ்வளவு ஈரம்கூடத் தேவையில்லை. நம் கரையில் ராத்திரி ஈரப்பதம் எங்கே நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆக மழையே வேண்டாம். காற்றில் வரும் உப்புத்தூசி போர்டில் படிந்தால் ராத்திரிதோறும் அது உப்புத்தண்ணீர் ஆகிறது. பை போர்டில் 5 வோல்ட் பின்னும் கிரவுண்ட் பின்னும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. நடுவில் அந்த ஈரம் நின்றால் குட்டியாக ஒரு மின்முலாம் பூசும் தொட்டிதான். உலோகம் ஒரு பின்னிலிருந்து கரைந்து இன்னொரு பின்னை நோக்கி நகரும்.

அந்தச் சிலிக்கான் பசையும் ஒரு குற்றவாளி. புளிக்காடி வாசம் அடிக்கும் பசை காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடுகிறது. மூடிய டப்பாவுக்குள் அது செம்பை அரிக்கும். வாசமில்லாத, நியூட்ரல் க்யூர் என்று டியூபில் போட்டிருக்கும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். இதை எந்த கிட் பெட்டியிலும் எழுதியிருக்க மாட்டார்கள்.

பாம்பன் பழைய ரயில் பாலத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. 1914இல் திறந்த பாலம், காலமெல்லாம் பெயிண்ட் அடித்துக்கொண்டே இருந்தார்கள். 2022 டிசம்பரோடு ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் போட்டிருக்கிறார்கள். இரும்புக்கே இந்த மரியாதை என்றால் மயிரிழை அகலச் செம்புக் கோட்டுக்கு என்ன மரியாதை செய்ய வேண்டும்?

அதனால் முதல் செலவு பெட்டிக்கு. தூசியும் தண்ணீரும் புகாத, ஐபி65 என்று போட்ட ஜங்ஷன் பாக்ஸ், வயர் நுழையும் ஓட்டையில் வயரைச் சுற்றி இறுக்க கேபிள் கிளாண்டு. கிளாண்டு எப்போதும் பெட்டியின் அடிப்பக்கம் இருக்கட்டும். வயர் உள்ளே போகுமுன் கீழே ஒரு தொய்வு விட்டு ஏறட்டும், தண்ணீர் அந்தத் தொய்விலேயே சொட்டிவிடும். உள்ளே சிலிக்கா ஜெல் பை இரண்டு. போர்டுக்கு ஈரம் படாமல் காக்கும் மெல்லிய பூச்சு, அக்ரிலிக் கன்ஃபார்மல் கோட்டிங் ஸ்பிரே. அடிக்கும்போது யூஎஸ்பி வாய், பின் வரிசை, சென்சாரின் ஓட்டை இவற்றில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். ஜம்பர் வயரும், ஈயம் வைக்காமல் வயர் குத்திப் பழகும் பிரெட்போர்டும் மேசையோடு சரி, மாடிக்குப் போகும் ஒவ்வொரு இணைப்பும் ஈயம் வைத்து, மேலே சூடு காட்டினால் சுருங்கும் ஹீட் ஷ்ரிங் குழாய் போட்டு இருக்க வேண்டும். ஈயம் வைக்கத் தெரியாது என்றால் முதலில் அதைப் பழகுங்கள். போர்டு பற்றிய கேள்வியே அப்புறம்தான். இன்னொன்று, வெதுவெதுப்பான பெட்டி என்றால் எறும்பும் பல்லியும் குடிவரும். ஒரு வீட்டில் ரிலேவின் (போர்டு சொன்னால் மின்சாரத்தைப் போட்டு நிறுத்தும் சுவிட்ச்) அடியில் பல்லி முட்டை இருந்தது. கிளாண்டை இறுக்கி மூடுவது தண்ணீருக்காக மட்டுமில்லை.

சரி, இப்போது போர்டு. கடையில் எல்லாவற்றையும் ஒரே அலமாரியில் வைத்து விற்பதால் குழப்பம் வருகிறது. ராஸ்பெர்ரி பை ஒரு முழுக் கணினி. லினக்ஸ் ஏறும், மெமரி கார்டிலிருந்து எழும்பும், ஒழுங்காக மூடிய பிறகுதான் கரண்டை நிறுத்த வேண்டும். ஆர்டுயினோ, ஈஎஸ்பி32, ராஸ்பெர்ரி பை பிகோ இவையெல்லாம் மைக்ரோகண்ட்ரோலர். ஒரே ஒரு புரோகிராம், கரண்ட் வந்த நொடியில் ஓடும், போன நொடியில் நிற்கும், திரும்ப வந்தால் திரும்ப ஓடும். பெயரில் ராஸ்பெர்ரி பை என்று இருந்தாலும் பிகோவில் லினக்ஸ் ஏறாது. அது தெரியாமல் வாங்கிவிட்டு வருத்தப்பட்டவர்கள் உண்டு.

கரண்ட் அடிக்கடி போய் வரும் ஊரில் இந்த வித்தியாசம் பெரிது. பை போர்டு கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கார்டு குழம்பிவிடலாம். இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பீர்கள். இன்வெர்ட்டர் மாறும் அந்தக் கண்சிமிட்டும் நேரமே சில அடாப்டர்களில் பையை மறுபடி எழும்ப வைக்கப் போதும். மைக்ரோகண்ட்ரோலருக்கு இதெல்லாம் ஒரு பொருட்டில்லை. ஒரு மோட்டாரை லினக்ஸிடம் ஒப்படைக்க எனக்கு மனம் வராது. அது எழும்பும் அரை நிமிடத்தில் தொட்டி வழிந்தால் வழிந்ததுதான்.

ஆக உங்கள் முதல் இரண்டு வேலைக்கும் ஈஎஸ்பி32. ஷாங்காயின் எஸ்பிரெஸிஃப் கம்பெனி 2016இல் கொண்டுவந்த சில்லு. 240 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடும் இரண்டு கோர், 520 கேபி நினைவகம், வைஃபையும் புளூடூத்தும் உள்ளேயே. போர்டு ஐந்நூறு ரூபாயைச் சுற்றித்தான். ஆர்டுயினோ ஊனோ நல்ல வாத்தியார், அதை நான் குறை சொல்ல மாட்டேன். 5 வோல்ட்டில் ஓடும், தப்பாக வயர் மாட்டினாலும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். ஆனால் பழைய ஊனோவில் நினைவகம் வெறும் 2 கேபி, வைஃபையும் கிடையாது. பிகோவின் வைஃபை வகையான பிகோ டபிள்யூவும் நல்ல போர்டுதான். அதை வாங்கி வைத்திருந்தால் அதிலேயே செய்யுங்கள், புதிதாக வாங்குவதென்றால் ஈஎஸ்பி32 என்கிறேன். நம் நாட்டில் சி-டாக் என்ற மத்திய அரசு கணினி ஆய்வு நிறுவனம் செய்த தேஜஸ்32 சில்லோடு ஏரீஸ் என்று ஒரு போர்டு வந்திருக்கிறது. ஆசைக்கு வாங்கிப் பார்க்கலாம், முதல் போர்டாக வேண்டாம். ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு பிழை வந்து நிற்கும்போது, அதே பிழையில் ஏற்கெனவே மாட்டி வெளியே வந்த ஆயிரம் பேர் இருக்கும் போர்டுதான் தனியாகக் கற்றுக்கொள்கிறவருக்குத் துணை.

வாங்கும்போது 30 பின் உள்ளதைக் கேளுங்கள். 38 பின் போர்டுகளில் பல அகலமானவை, பிரெட்போர்டில் வைத்தால் பக்கத்தில் வயர் குத்த இடமே இருக்காது. இரண்டு வாங்குங்கள், ஒன்று கட்டாயம் பலியாகும். யூஎஸ்பி கேபிள் ஒன்றை டேட்டா போகிறதா என்று பார்த்து வாங்குங்கள். போர்டு செத்துவிட்டது என்று என்னிடம் வருகிறவர்களில் நிறைய பேருடைய வியாதி, சார்ஜ் மட்டும் ஏறும் கேபிள்.

தொட்டி வேலைக்கு வருவோம். உண்மையைச் சொன்னால் இதற்கு போர்டே தேவையில்லை. மோட்டார் கடையில் மிதவை சுவிட்சோடு விற்கும் கண்ட்ரோலர் போதும். நீங்கள் கற்றுக்கொள்ளக் கேட்கிறீர்கள் என்பதால் சொல்கிறேன். புத்தகத்தில் முதலில் வருவது தொட்டிக்குள் இரண்டு கம்பியை விட்டு, தண்ணீர் தொட்டதும் மின்சாரம் பாய்வதை உணரும் முறை. நம் போர் தண்ணீரில் இதைச் செய்யாதீர்கள். உவர் நீர் நன்றாகவே மின்சாரம் கடத்தும், கம்பியில் ஒரே திசையில் மின்சாரம் நின்றுகொண்டே இருந்தால் மின்னாற்பகுப்பு நடந்து கம்பி கரைந்துபோகும். நல்ல தண்ணீர் ஊரில் ஒரு வருடம் உழைப்பது இங்கே சில வாரங்களில் ஊசியாகிவிடும்.

அடுத்து எல்லாரும் சொல்வது எச்சி-எஸ்ஆர்04, மீயொலி அனுப்பி எதிரொலியில் தூரம் அளக்கும் சென்சார். அதன் இரண்டு வட்டக் கண்ணும் திறந்த வலை. தொட்டி மூடிக்கு அடியில் வியர்வை கட்டும், கண் குருடாகும். ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி என்று நீர்புகா வகை இருக்கிறது, கார் பம்பரில் பார்த்திருப்பீர்கள், அதே மாதிரி. அதை வாங்குங்கள். ஆனால் தன் முகத்துக்கு எதிரே சுமார் 20 சென்டிமீட்டர் வரை அதற்குக் கண் தெரியாது, ஆகவே நிறைந்த மட்டத்துக்கு மேலே அவ்வளவு இடைவெளி விட்டு மாட்ட வேண்டும். இந்த சென்சார்கள் 5 வோல்ட்டில் பதில் சொல்லும், ஈஎஸ்பி32 தாங்குவது 3.3. நடுவில் 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டைப் போட்டுப் பிரித்தால் 3.3க்கு இறங்கிவிடும். பத்துப் பைசா வேலை, விட்டால் போர்டு போகும்.

என் வீட்டில் நான் வைத்திருப்பது: மட்டம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள மீயொலி, மோட்டாரை நிறுத்த மிதவை. மேலே ஒரு மிதவை, கீழே சம்பில் ஒரு மிதவை. சம்பு காலியாகி மோட்டார் வெறுமனே சுற்றினால் சீல் போய்விடும், தொட்டி வழிவதைவிட அது பெரிய செலவு. இதற்கு மேல் ஒரு நேரக் கணக்கு. தொட்டி நிறைய இருபத்தைந்து நிமிடம் ஆகும் என்றால், எந்த சென்சார் என்ன சொன்னாலும் முப்பத்தைந்தாவது நிமிடம் மோட்டார் நிற்க வேண்டும் என்று புரோகிராமில் எழுதிவிடுங்கள். இந்த ஒரு வரி என் வீட்டில் இரண்டு முறை காப்பாற்றியிருக்கிறது.

மோட்டாரை எப்படி இயக்குவது என்பதில்தான் பயப்பட வேண்டும். நீல நிறக் குட்டி ரிலேயில் 10 ஆம்பியர், 250 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். ஒரு எச்பி மோட்டார் ஓடும்போது ஐந்தாறு ஆம்பியர்தான் இழுக்கும், சரியாக இருக்குமே என்று தோன்றும். கிளம்பும் நொடியில் அதைப்போல் பல மடங்கு இழுக்கும், ரிலேவின் முனைகள் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் போர்டு நில் என்றாலும் மோட்டார் நிற்காது. குட்டி ரிலே ஒரு காண்டாக்டரின், அதாவது மோட்டாருக்கென்றே வரும் கனமான ரிலேயின், காயிலை மட்டும் இயக்கட்டும், மோட்டாரை காண்டாக்டர் இயக்கட்டும். 230 வோல்ட் பக்கத்து வயரிங்கை உங்கள் தெரு எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். ஈரக்கையோடு மாடியில் நின்று பழகும் விஷயம் இல்லை இது.

ஈஎஸ்பி32இல் எல்லாப் பின்னும் ஒன்றில்லை, இதையும் குறித்துக்கொள்ளுங்கள். 34 முதல் 39 வரை உள்ளே வாங்க மட்டும்தான், ரிலே மாட்டினால் அசையாது. 0, 2, 12, 15 ஆகியவற்றைப் போர்டு எழும்பும்போது தன் சொந்த வேலைக்குப் பார்க்கிறது. குறிப்பாக 12ஐ யாராவது மேலே இழுத்துப் பிடித்தால் போர்டு எழும்பாமலே போகலாம். வேறு சில பின்கள் எழும்பும் நேரத்தில் ஒரு துடிப்பு துடிக்கும், ரிலே டக்கென்று அடிக்கும், மோட்டார் ஒரு உறுமல் உறுமும். 25, 26, 27 சாதுவானவை, ரிலேக்கு அவற்றை எடுங்கள். வைஃபை ஓடும்போது, ஏறி இறங்கும் வோல்ட்டை (அனலாக்) எண்ணாகப் படிக்கும் இரண்டு பகுதிகளில் ஏடிசி2 வேலை செய்யாது, ஆகவே அனலாக் சென்சார்களை 32 முதல் 39 வரையுள்ள பின்களில் வையுங்கள்.

வைஃபை பற்றியும் ஒரு வார்த்தை. ஈஎஸ்பி32 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் பிடிக்கும். அதைவிட முக்கியம், நம் பக்கம் பல வீடுகளில் நெட் என்பது ஒருவர் கையில் இருக்கும் போனின் ஹாட்ஸ்பாட். அப்பா போனை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போனால் வீட்டு நெட்டும் கூடவே போய்விடும். ஆகவே மோட்டார் நிற்பது, நேரக் கணக்கு எல்லாம் போர்டுக்குள்ளேயே முடிவாக வேண்டும். நெட் இருந்தால் செய்தி அனுப்பட்டும், இல்லாவிட்டால் பேசாமல் வேலையைப் பார்க்கட்டும்.

வானிலைப் பெட்டி உங்கள் கேள்வியில் எனக்குப் பிடித்த பகுதி. கிட்களில் வரும் டிஎச்டி11 வெப்ப, ஈரப்பத சென்சார் வேண்டாம், வெப்பத்தில் இரண்டு டிகிரி முன்னே பின்னே சொல்லும். பிஎம்இ280 வாங்குங்கள், வெப்பம், ஈரப்பதம், காற்றழுத்தம் மூன்றும் ஒன்றில். இங்கே ஒரு ஏமாற்று நடக்கிறது: ஈரப்பதம் அளக்காத பிஎம்பி280ஐ அதே பெயரில் அனுப்பிவிடுவார்கள், பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். சில்லின் அடையாள எண்ணைப் புரோகிராமில் படித்துப் பாருங்கள். பதினாறடிமான எண்ணில் 60 என்று வந்தால் அசல், 58 என்று வந்தால் திருப்பி அனுப்புங்கள். இந்த சென்சார் மூச்சு விட வேண்டும், அதற்கு ஸ்பிரே அடிக்க முடியாது, உப்பு ஏறி ஈரப்பதக் கணக்கு மெல்ல மெல்ல விலகும். அதை வருடத்துக்கு ஒருமுறை மாற்றும் சாமான் என்றே கணக்கு வையுங்கள், படகுக்குச் சாயம் அடிப்பது மாதிரி. அதனால் போர்டு உள்ள மூடிய பெட்டிக்குள் வைக்காமல் தனியாக, வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டுகளைக் கவிழ்த்து இடைவெளி விட்டு அடுக்கிய கூட்டுக்குள் வையுங்கள். வெயில் படாமல் காற்று மட்டும் புக வேண்டும். இல்லையென்றால் நீங்கள் அளப்பது பெட்டியின் சூட்டை.

காற்றழுத்தத்தை ஒரு வாரம் வரைந்து பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். காலை பத்து மணி வாக்கில் ஏறி, மாலை நான்கு மணி வாக்கில் இறங்கி, ராத்திரி பத்துக்கு மறுபடி ஏறி, விடிகாலை நான்குக்கு மறுபடி இறங்கும். நம் அட்சரேகையில் மூன்று நான்கு ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) ஆடும். முதல் தடவை பார்க்கும்போது புயல் வருகிறது என்று நானே பதறினேன். கடலில் ஓதம் ஏறி இறங்குவதுபோல் காற்றுக்கடலிலும் உண்டு, அதைக் கிளப்புவது பெரும்பாலும் சூரியனின் சூடு. இன்று நாலு மணியை நேற்று நாலு மணியோடுதான் ஒப்பிட வேண்டும். நேற்றைவிட இன்று அதே நேரத்தில் நன்றாகவே இறங்கியிருந்தால் கவனிக்கலாம்.

மழைமானி கவிழும் கிண்ண வகை கிடைக்கும். ஒரு கவிழ்ப்புக்கு 0.2794 மில்லிமீட்டர் என்பது பரவலான அளவு. காற்றுமானியும் அதேபோல் காந்தமும், காந்தம் பக்கத்தில் வந்தால் மூடும் ரீட் சுவிட்சும்தான், எண்ணிக்கொண்டிருந்தால் போதும். காற்றை 10 மீட்டர் உயரத்தில் அளப்பதுதான் உலக வழக்கம், உங்கள் மாடியில் வரும் எண் அதைவிடக் குறைவாகவே இருக்கும். காக்கை வந்து உட்கார்ந்தால் காற்று பூஜ்யம். கச்சான் வீசும் ஆனி ஆடியில் பூஜ்யம் காட்டினால் மாடி ஏறிப் பாருங்கள்.

மாடியில் பிளக் இல்லையென்றால் சோலார். ஈஎஸ்பி32ஐப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுப்பி மற்ற நேரம் ஆழ்ந்த தூக்கத்தில் வைத்தால் சில்லு எடுப்பது மிகக் குறைவு, பத்து மைக்ரோஆம்பியர் அளவில். ஆனால் போர்டின் சிவப்பு எல்இடியும் ரெகுலேட்டரும் தூங்காது. அவைதான் பேட்டரியைக் குடிக்கும், எல்இடியைப் பிடுங்கிவிடலாம். காற்றையும் மழையையும் எண்ணுகிறவர் தூங்கக் கூடாது என்பது வேறு சிக்கல், அதனால் என் யோசனை: கீழிருந்து 5 வோல்ட் வயர் இழுத்துவிடுங்கள். லித்தியம் செல்லை வெயில் பெட்டியில் வைத்து 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்வது நல்லதில்லை, சித்திரையில் மாடிப் பெட்டி அதைத் தாண்டும். வயர் நீளம் என்றால் கனமான வயராக இருக்கட்டும்; மெல்லிய வயரில் 5 வோல்ட் மேலே போய்ச் சேரும்போது நாலரை ஆகிவிடும்.

இப்போது அம்மாவின் திரை. இங்கேதான் நீங்கள் பை 5 பற்றி யோசித்தீர்கள் போல. சின்ன ஓஎல்இடி திரையை ஈஎஸ்பி32இல் மாட்டி ஆங்கிலம் எழுதுவது எளிது. தமிழ் அப்படி வராது. 'கொ' என்று எழுத ககரத்துக்கு முன்னே ஒரு கொம்பு, பின்னே ஒரு கால் போட வேண்டும், அந்தப் புத்தி வழக்கமான திரை நிரல்தொகுப்புகளுக்கு இல்லை. கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். இரண்டு வரி எல்சிடி இன்னும் மோசம், நாமாக வரையும் எழுத்து எட்டுதான் அதில் வைக்கலாம், அதுவும் 5க்கு 8 புள்ளிக் கட்டத்தில். 'ணை' எழுதிப் பாருங்கள். தேவையான சொற்களைப் படமாக வரைந்து சேமிப்பது ஒரு வழி. மழை, காற்று, தொட்டி, நிறைந்தது என்று பத்துச் சொல்லுக்கு அது போதும்.

அதைவிட நல்ல வழி வீட்டில் ஏதாவது இழுப்பறையில் கிடக்கும். ஓரம் உடைந்த பழைய ஆண்ட்ராய்டு போன். ஈஎஸ்பி32 தானே ஒரு சின்ன வலைப்பக்கத்தைக் கொடுக்கும், போனின் பிரவுசரில் திறந்தால் தமிழ் அழகாக வரும். தேவையானால் ஈஎஸ்பி32 தானே ஹாட்ஸ்பாட் ஆகிவிடும், நெட்டே வேண்டாம். அடுப்படிச் சுவரில் ஆணியடித்து மாட்டுங்கள், அடுப்பிலிருந்து தள்ளி. நாள் முழுக்க சார்ஜரில் போட்டு வைக்காதீர்கள், பேட்டரி உப்பும்.

அப்போ ராஸ்பெர்ரி பை எதற்கு என்று கேட்டால், உங்களுக்கு அது தேவைப்படும் நாள் வரும். இரண்டு வருடக் கணக்கைச் சேமித்து வரைய வேண்டும், கேமரா வைக்க வேண்டும், லினக்ஸ் பழக வேண்டும் என்றால் வாங்குங்கள். அப்போதும் பை 5 வேண்டாம். 5 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர் கேட்கும், வேலை கொடுத்தால் சூடேறி ஃபேன் கேட்கும். ஃபேன் என்றால் உப்புக்காற்றை உறிஞ்சிப் போர்டின் மேலேயே ஊதும் இயந்திரம் என்று பொருள். ஜீரோ 2 டபிள்யூ எடுங்கள். 2021இல் 15 டாலருக்கு வந்தது, நான்கு கோர், 512 எம்பி நினைவகம், உங்கள் வேலைக்குத் தாராளம். அல்லது யாராவது விற்கும் பழைய பை 3, பை 4. 2025 கடைசியில் நினைவகச் சில்லு விலை ஏறி அதிக நினைவகம் உள்ள பைகளின் விலையும் ஏறிவிட்டது, பழைய லேப்டாப் ஒன்றே மலிவாக முடியலாம். ஆரஞ்சு பை, பனானா பை என்று வேறு கம்பெனிகள் விற்கும் போர்டுகள் காகிதத்தில் வேகம் அதிகம் காட்டும். ஆனால் இரண்டு வருடம் கழித்து அதற்கு யார் புது மென்பொருள் கொடுப்பார்கள் என்று கேட்டால் பதில் தெளிவாக இருக்காது.

பை வாங்கினால் மூன்று விஷயம். அதில் அனலாக் உள்ளீடு கிடையாது, அதற்குத் தனிச் சில்லு வேண்டும். எல்லாம் சரிவந்ததும் கார்டைப் படிக்க மட்டும் என்று பூட்டும் ஓவர்லே அமைப்பை, பையின் அமைப்பு நிரலான ராஸ்பி-கான்ஃபிகில் இயக்கிவிடுங்கள், கரண்ட் போனாலும் கார்டு பிழைக்கும். கணக்கைத் தனியாக ஒரு பென் டிரைவில் எழுதட்டும். மூன்றாவது, பை 5க்கு முந்தையவற்றில் கடிகாரம் இல்லை. கரண்ட் போய் வந்து நெட்டும் இல்லையென்றால் மழை எந்த நேரத்தில் பெய்தது என்பதே தப்பாகப் பதியும். டிஎஸ்3231 கடிகாரம் மாட்டுங்கள். மலிவாக வரும் அந்தப் போர்டில் சார்ஜ் ஏற்றும் சுற்று ஒன்று இருக்கும், அதில் சாதாரண சிஆர்2032 செல்லைப் போட்டால் சார்ஜ் ஆகாத செல்லுக்கு சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும். அதன் டயோடைப் பிடுங்கிவிட்டுப் போடுங்கள்.

முப்பத்தேழு சென்சார் பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இதயத்துடிப்பு, தீச்சுடர், லேசர், ஜாய்ஸ்டிக் எல்லாம் இருக்கும். உங்களுக்கு வேண்டிய நீர்புகா மீயொலியும் பிஎம்இ280ம் இருக்காது. பெரிய கிட்களோடு வரும் மெமரி கார்டையும் நம்பாதீர்கள். எனக்கு ஒரு கடையிலிருந்து வந்த 32 ஜிபி கார்டில் 8 ஜிபிக்கு மேல் எழுதியதெல்லாம் காணாமல் போனது. கார்டு வந்ததும் முழுதாக எழுதிப் படித்துச் சோதிக்க இலவச நிரல்கள் உண்டு, அதைச் செய்த பிறகே கடைக்கு நல்ல மதிப்பெண் போடுங்கள்.

படகு ஜிபிஎஸ் மட்டும் வேண்டாம் தம்பி. நியோ-6எம் என்ற ஜிபிஎஸ் போர்டை ஈஎஸ்பி32இல் மாட்டுவது அரை மணி வேலை, வானம் தெரிந்தால் சில மீட்டருக்குள் இடம் சொல்லும். கரையில் வைத்து விளையாடுங்கள். 1974, 1976 ஒப்பந்தங்களில் வரைந்த கடல் எல்லை நம் ஆட்களுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, தாண்டினால் படகும் ஆளும் என்ன ஆகிறார்கள் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டாம். அலைநீர் ஒரு கையளவு பட்டால் நின்றுபோகும் பெட்டியை அந்த வேலைக்குக் கொடுக்கக் கூடாது. அப்பா இப்போது எதை நம்பிப் போகிறாரோ அதையே நம்பட்டும். வானிலைப் பெட்டிக்கும் இதே கதைதான், அது என்ன சொன்னாலும் பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் ஏற்றியதுதான்.

பணக் கணக்கு: ஈஎஸ்பி32 இரண்டு, நீர்புகா மீயொலி ஒன்று, மிதவை இரண்டு, பிஎம்இ280, ரிலே, காண்டாக்டர், ஐபி65 பெட்டி இரண்டு கிளாண்டோடு, 25 வாட் சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர். இதெல்லாம் ஐயாயிரத்துக்குள் அடங்கும். காற்றுமானியும் மழைமானியும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், புரட்டாசியில் வாங்கினால் போதும். மல்டிமீட்டரை மட்டும் மலிவில் மலிவாக வாங்காதீர்கள்.

காண்டாக்டர் எந்த அளவு என்று நான் இப்போது சொல்ல முடியாது. மோட்டார் எத்தனை எச்பி, சிங்கிள் ஃபேஸா, ஸ்டார்ட்டர் பெட்டி ஏற்கெனவே இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. மோட்டாரின் பெயர்த்தகட்டையும், இருந்தால் ஸ்டார்ட்டர் பெட்டியையும் படம் எடுத்து அனுப்புங்கள். பெட்டியைத் திறக்குமுன் மெயினை இறக்கிவிடுங்கள்.